ஏழாம் எண் கண்ணாடி

அப்பாவை அடக்கம் செய்த அன்று புதிய தேவாலயத்தில் மாமா எழுந்து பேசினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தேவாலய நிர்வாகக் குழுவின் செயலாளர். பழைய தேவாலயம் ஆபத்தான நிலையில் இருந்ததை ஊருக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் எங்கள் அத்தான்தான் என்றார். அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின என்றார். உட்காரும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். 

ஏழு வாரம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அப்பா மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர். முப்பத்து நான்கு வருடம், ஒரே ஊர், ஒரே வேலை. மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், சைக்கிளும் துடைப்பமும் சாத்திய மூலையில் என்று மீட்டரை எங்கெல்லாம் ஒளித்துவைக்க முடியுமோ அங்கெல்லாம் தலையை நுழைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பில்லுக்கு முன்னால் வருகிற மனிதர் என்பதால் கதவைத் திறக்கும்போதே முகம் சுருங்கும். ஊரில் அவருக்குப் பெயர் ரீடிங்காரர். எனக்கு ரீடிங்காரர் பொண்ணு.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டியிருந்தால் போன மாதக் கணக்கைப் பார்த்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிடலாம். எல்லோரும் செய்வார்கள். மேலதிகாரிகளும் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்பா செய்ததில்லை. கண்ணால் பார்க்காத எண்ணை எழுத அவருக்குக் கை வராது. ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் ஐந்து முறை போய்வந்தார். ஐந்தாம் முறை திரும்பி வந்தபோது அம்மா சொன்னார்: "பேசாம அந்த மீட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க." அப்பா சிரித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

அப்பாவுக்குத் தேவாலயத்துக்குப் போகும் பழக்கம் கிடையாது. கல்யாணம் அங்கேதான் நடந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை போயிருக்கிறார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளிச்சுவர் ஓரம் நின்று பத்திரிகை படிப்பார். இருநூறு வருடக் கட்டடம். செங்கல், சுண்ணாம்பு, ஒரு கோபுரம். கூரை ஒழுகும். மழை நாளில் அம்மா குடையோடு உள்ளே உட்கார்ந்திருந்ததை அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஐந்து வருடத்துக்கு முன் அம்மா இறந்தார். இறுதி ஆராதனை அங்கே நடந்தது. அடுத்த மாதம் பெரிய சாலையில் புதிய தேவாலயம் திறந்தார்கள், பழையதைப் பூட்டினார்கள். இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடமும் நாலு கடைகளும் கட்ட நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது. அவ்வளவு பழைய கட்டடத்தை இடிக்க நகராட்சி காரணம் கேட்டிருந்தது. மாமா இதையெல்லாம் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். மாமா போன பிறகு அப்பா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"உங்க அம்மாதான் அதுலேர்ந்து கடைசியா வெளிய வந்தவ. அவ வந்ததும் பூட்டிட்டாங்க."

அதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் நகராட்சியில் ஒரு விதி இருக்கிறது. ஊரில் குடியிருப்பவர்கள் ஐயாயிரம் பேர் கையெழுத்திட்டால் ஒரு பழைய கட்டடத்தைப் பாதுகாக்கும் பட்டியலில் சேர்ப்பது பற்றி நகராட்சி விசாரணை நடத்தியே தீரவேண்டும். பட்டியலில் சேர்ந்துவிட்டால் பழுதுபார்ப்பது அரசின் பொறுப்பு, இடிக்க முடியாது. மூன்று வருடம் அவகாசம். அப்பா இதைத் தெரிந்துகொண்டு வந்து எனக்குப் போன் செய்தார். நான் கட்டமைப்புப் பொறியாளர். ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில் வேறொரு நகரத்தில் வேலை. வந்து பார்த்துச் சொல் என்றார்.

வந்து பார்த்தேன். கோபுரத்திலும் சுவர்களிலும் பன்னிரண்டு விரிசல்கள். விரிசல் என்றதும் எல்லோரும் பயப்படுவார்கள். விரிசல் இருக்கிறதா என்பது கேள்வியில்லை, அது இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து இரண்டு முனையையும் சாந்தால் பூசி, தேதி எழுதிவிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி முறிந்துவிடும். முறியாமல் இருந்தால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு பட்டைகள் ஒட்டி எண் போட்டேன். வாரம் ஒருமுறை யாராவது பார்த்துக் குறிக்க வேண்டும்.

யாராவது என்று நான் சொன்னதும் அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை தவறாமல் போனார். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, டார்ச்சும் நோட்டுமாக. மாமா சாவியைக் கொடுத்திருந்தார். அத்தானுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பார். நோட்டில் பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 'முழுசு' என்று எழுதுவார். மேற்கோள் குறி போட்டு மேலேயுள்ளதே என்று காட்டலாமே என்றேன். அது ரீடிங் ஆகாது என்றார்.

ஒரு வருடம் கழித்து அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். விரிசல்கள் பழையவை, கட்டிய காலத்தில் அடித்தளம் அமர்ந்தபோது வந்தவை, இப்போது அசைவில்லை. தென்மூலையில் மட்டும் கூரை வழியாக மழைநீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்திருக்கிறது. கூரையைச் சரிசெய்து அந்த மூலையைப் புதுப்பித்தால் கட்டடம் இன்னும் நூறு வருடம் நிற்கும். எனக்கு அந்த அறிக்கையில் பெருமை இருந்தது.

அப்பா இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத எடுத்துட்டு வீட்டு வீட்டுக்குப் போய் என்னன்னு சொல்றது பாப்பா? நல்லா இருக்கு, கையெழுத்துப் போடுங்கன்னா?"

அதுதான் நடந்தது. கால் தேய நடந்தார். ஊரில் ஒரு கதவு பாக்கியில்லாமல் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மணி வேலை செய்யாது என்பதுவரை தெரியும். ஆனால் அவரைப் பார்த்ததும் ஜனங்களுக்கு மீட்டர் ஞாபகம்தான் வந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் இந்த மாதம் ஏன் அதிகம் என்று கேட்டார்கள். தேவாலயம் என்றதும், நீங்கதான் உள்ளேயே போனதில்லையே என்று கேட்டார்கள். புதிய தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அங்கே கார் நிறுத்த இடமில்லை, பழையதை இடித்தால் நல்லது என்றார்கள். ஒருவர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்: "நூறு வருஷம் நிக்கும்னு உங்க பொண்ணே எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு ரீடிங்காரரே என்னை மத்தியானத் தூக்கத்துலேர்ந்து எழுப்புறீங்க?"

அப்பாவுக்குத் துணை ஒரே ஆள், போட்டோ ஸ்டூடியோக்காரர். கடை ஈ ஓட்டியதால் அவருக்கு நேரம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பதினேழு மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார்கள். கெடு முடிய ஏழு மாதம் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, ஏழாம் எண் கட்டத்தில் 'உடைந்தது' என்று எழுதினார்.

ஸ்டூடியோக்காரர் ஓடிப்போய்ப் படம் எடுத்தார். மூன்றாம் நாள் போஸ்டர் வந்துவிட்டது. உடைந்த கண்ணாடி, பெரிதாக, பின்னால் விரிசல். கீழே சிவப்பில், 'இன்று கண்ணாடி. நாளை கோபுரம்?' சந்தை, பேருந்து நிலையம், பள்ளிக்கூட மதில், ஓரிடம் பாக்கியில்லை. கார் நிறுத்த இடம் கேட்டவர்கள்கூட ஐயோ நம்ம கோபுரம் என்றார்கள். கையெழுத்துப் போட ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. அப்பாவை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்களாம். மாமாவே எனக்குப் போன் செய்து, உங்கப்பா இந்த வயசுல பின்னுறாரும்மா என்றார். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

போஸ்டரை ஸ்டூடியோக்காரர் எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு பாலத்தின் அடியில் தலைக்கவசத்தோடு நின்றபடி போனில் பார்த்தேன். சுவர் நகர்ந்து முறிகிற கண்ணாடி, விரிசலின் போக்கிலேயே ஒரு கோடாக முறியும். இந்தக் கண்ணாடியில் ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கோடுகள் ஓடின. எதுவோ அடித்திருக்கிறது. முதல் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கு ஒரு விநாடி ஆயிற்று.

ஏணி பட்டிருக்கலாம், புறா மோதியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். குரலில் அம்மா இறந்த பிறகு நான் கேட்டிராத தெம்பு. இன்றைக்கு மட்டும் இருநூற்றுப் பத்து என்றார். ரொம்ப நல்லதுப்பா என்றேன்.

ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது கையெழுத்தோடு விசாரணை வந்தது. நகராட்சி மன்றக் கூடம், நீளமான மேசை. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நோட்டை மடியில் வைத்திருந்தார். நகராட்சிப் பொறியாளர் என் வயதுக்காரர், மரியாதையானவர். கையெழுத்துகளைச் சரிபார்த்தாயிற்று என்றார். பிறகு போஸ்டரை மேசைமேல் விரித்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, ஏழாம் கட்டத்தில் விரலை வைத்தார். நூற்று இருபத்தேழு வாரம் அசையாத சுவர் நூற்று இருபத்தெட்டாம் வாரம் அசைந்திருக்கிறது, அதைக் கட்டடத்தின் ஆதரவாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள், ஐயாயிரம் பேர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னார். ஆபத்தான கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க விதியில்லை. முப்பது நாளில் இடிக்கவேண்டும்.

நான் எழுந்து என் அறிக்கையைக் காட்டினேன். அது பழைய அறிக்கை, போஸ்டர் புதியது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கண்ணாடி அடிபட்டது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே படிக்கட்டில் மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அத்தான், நாங்க நாலு வருஷமா இடிக்கறதுக்கு ஒரு காரணம் தேடிட்டு இருந்தோம். நீங்க ஊர் பூரா ஒட்டி வெச்சுட்டீங்க."

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் டீ போட்டேன். அவர் குடிக்கவில்லை.

"ஏழாம் நம்பர் எப்படிப்பா உடைஞ்சுது?"

மீட்டர் பெட்டி திறக்கிற டெஸ்டரின் பின்பக்கத்தால் ஒரு தட்டு என்றார். ஒரே தட்டு. ஒன்று உடைந்தால் போதும் என்று நினைத்தாராம். ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கேதான் படம் எடுக்க வெளிச்சம் நன்றாக விழும்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போஸ்டரப் பாத்தப்பவே."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னைக்கு சாயங்காலம் நான் போன் பண்ணேன்ல. நீ கேப்பேன்னுதான் பண்ணேன். கேட்டிருந்தா மறுநாளே போஸ்டரக் கிழிச்சிருப்பேன்." டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ ரொம்ப நல்லதுப்பான்னு சொன்ன" என்றார்.

ஆறிய டீயை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவும் நானும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அவரே சொல்கிறேன் என்றார். பொறியாளரின் மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஏழாம் கண்ணாடியை உடைத்தது நான், சுவர் அசையவில்லை, மற்ற எல்லா ரீடிங்கும் நிஜம் என்றார்.

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, மத்ததெல்லாம் நிஜம்னு யாரு சொல்றா?"

"நான்தான் சார்."

"ஏழு உடைஞ்சுதுன்னு எழுதினதும் நீங்கதானேய்யா."

நான் குறுக்கிட்டேன். பதினொரு கண்ணாடிகள் இன்னும் சுவரில் முழுசாக இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டேன் என்றார் அவர். உடைக்கத் தெரிந்தவருக்கு, உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டவும் தெரியும்தானே என்றார். புதிதாகக் கண்ணாடி ஒட்டி ஒரு வருடம் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும். அதற்குள் கோபுரம் விழுந்து யாராவது செத்தால், நிற்கும் என்று கையெழுத்துப் போட்ட நான்தான் பொறுப்பு என்றார். நான் அவருடைய நாற்காலியில் இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் சொன்னது அலுவலகத்திலேயே இருக்குமா? சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஐயாயிரம் பேரும் ஏமாந்தவர்களாகிவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குத் தெரியாது என்பது நிஜம். போஸ்டர்களை அவரே சுரண்டி எடுத்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அப்பா தாங்கியிருப்பார். மளிகைக் கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், அவ்வளவுதான்.

"அப்போ எங்க வீட்டு மீட்டரையும் இப்படித்தான் எழுதுனீங்களா ரீடிங்காரரே?"

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா வாங்க வந்த சோப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. தெருவுக்கும் போகவில்லை. முப்பத்து நான்கு வருடம், எத்தனை ஆயிரம் கதவு. அந்தக் கேள்வி நாலு நாளில் ஊரின் நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. பில் அதிகம் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கினேன். மேல்முறையீடு எழுதினேன். வந்து சேர்ந்தது என்று ஒரு ரசீது கொடுத்தார்கள்.

இடிக்கும் வேலையை நாலு நாளில் முடிப்பதாக ஒப்பந்தம். பொக்லைன் வந்தது. எங்கள் வீடு மூன்றாவது தெரு. காலை எட்டு மணிக்குச் சத்தம் ஆரம்பிக்கும், ஐந்து மணிவரை. கூரையை இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். சுவர் மசியவில்லை. மூன்றடிக் கனம், சுண்ணாம்பு இறுகிக் கல்லாகியிருந்தது. நாலு நாள் எட்டு நாளாயிற்று, எட்டு பதினாறு ஆயிற்று. நான் தினமும் போய் நின்று பார்த்தேன். இயந்திரத்தின் முனை உடைந்து இரண்டு முறை மாற்றினார்கள். விழும் என்று ஊரே கையெழுத்திட்ட சுவர் அது. அப்பா போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கால் கட்டைவிரல் மட்டும் அசையும்.

பதினாறாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இடிக்கும் மேஸ்திரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியூர்க்காரர். தலைமுதல் கால்வரை சுண்ணாம்புத் தூசி. இந்தக் கட்டடத்தை ஆராய்ந்த இஞ்சினியர் அம்மா இங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, தூசி படுமே என்று உட்காராமல் நின்றார்.

"ஆள் கூலியும் வண்டி வாடகையும் என்னைத் தின்னுட்டிருக்கும்மா. எங்க தட்டினா பிடி விடும்னு மட்டும் சொல்லுங்க, போதும்." பிறகு அவருக்கே தாங்காமல் கேட்டார்: "யாரும்மா சொன்னது இது விழற சுவருன்னு?"

நான் எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். வேண்டாம்ப்பா என்றேன்.

"இன்னும் எத்தன நாளைக்கு அத அடிச்சிட்டே இருக்கறது" என்றார் என்னிடம். மேஸ்திரியிடம் திரும்பினார். "தெக்கு மூலை. தரையிலேர்ந்து ஒம்பதடி. அங்க மட்டும் மழைத்தண்ணி எறங்கி சுண்ணாம்பு கரைஞ்சிருக்கு. அங்க ஆரம்பிச்சு கோபுரத்துப் பக்கமா வாங்க. வேற எங்க தட்டினாலும் உங்க மிஷின்தான் போகும்."

"நீங்க நேர்ல பாத்தீங்களாய்யா?"

"வாரா வாரம் பாத்தேன்."

மேஸ்திரி தலையாட்டினார். ஒம்பதடி, தெக்கு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெரிய சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை. அப்பா என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். தூசி அடங்க அரைமணி ஆயிற்று. ஆட்கள் கல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்ன எடத்துலதான் ஆரம்பிச்சாங்களா?"

"ஆமாப்பா."

"ஒம்பதடிதானே?"

"ஒம்பதடிதான். அளந்து பாத்தேன்."

சரி என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார்.